வெயில் மேல கேஸ் போட முடியாது, கூரை மேல போடலாம்

கேள்வி: மேடம், திருப்பூர் பக்கத்துல ஒரு பனியன் கம்பெனில செக்கிங் செக்ஷன்ல 9 வருஷமா இருக்கறேனுங்க. ஷீட் போட்ட கட்டடம், எங்களுக்கு ஒட்டுனாப்புல அயர்னிங் டேபிள் எட்டு ஓடுது. போன ஏப்ரல்ல மத்தியானம் மூணு மணிக்கு அயர்னிங்ல இருந்த ஒரு அக்கா நின்ன மேனிக்கே சரிஞ்சு விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரில மயக்கம், லோ பிபின்னு சீட்டு எழுதி ட்ரிப்ஸ் போட்டு அனுப்பிட்டாங்க. எங்களுக்கு காலைல எட்டரைல இருந்து சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் ஷிப்ட் சம்பளம், அன்னைக்கு அவங்களுக்கு அரை ஷிப்ட் புடிச்சுட்டாங்க. கேட்டதுக்கு மேனேஜர், "வெயில் என்ன நானா அடிக்கறேன், உலகமே சூடாகுது, கவர்மெண்ட்ட போய் கேளு"ங்கறார். கவர்மெண்ட் ஆபீஸ்ல போய் கேட்டா கம்பெனிட்ட பேசுங்கறாங்க. நாங்க பாக்கற டிசர்ட் ஜெர்மனிக்கு போகுது, அந்த பிராண்டுக்காரங்க மனித உரிமைன்னு செவுத்துல போஸ்டர் வேற ஒட்டிருக்காங்க. க்ளைமேட் சேஞ்ச் மனித உரிமை விஷயம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சுன்னு என் தம்பி சொல்றான். அப்ப நாங்க யாரைக் கேக்கறது? வேலையும் போகக்கூடாதுங்க. (பேர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்)

பதில்: அம்மணி, உங்க லெட்டர்ல எனக்கு மொதல்ல உறுத்துனது அந்த ஆஸ்பத்திரி சீட்டு. மயக்கம், லோ பிபி, அவ்வளவுதான். எத்தன மணிக்கு விழுந்தாங்க, எங்க நின்னுட்டு இருந்தாங்க, ஒடம்பு சூடு எவ்வளவு இருந்துச்சு, ஒரு வார்த்தை கிடையாது. இருபது வருஷமா லேபர் கேஸ் பாக்கறேன், சீட்டுல இல்லாத வெயிலை கோர்ட்டுக்குள்ள கொண்டு வர்றதுக்குள்ள நாக்கு தள்ளிரும். முன்னாடி ஒரு ஸ்பின்னிங் மில் கேஸ்ல டாக்டர் எழுதுன ஒத்த வரியில மொத்தமும் சர்க்கரை வியாதின்னு போயிருச்சு. அந்தம்மாவுக்கு சர்க்கரை இருந்தது நெசம்தான், ஆனா மார்கழில எல்லாம் நல்லா நின்னு வேலை பாத்தவங்க மே மாசம் மட்டும் ஏன் விழுந்தாங்கன்னு கேக்கறதுக்கு எங்க கையில ஒரு துண்டு பேப்பர் இல்ல. அதனால அடுத்த தடவ யாராச்சும் விழுந்தா கூடப் போறவங்க வாயைத் தொறந்து "வேலை செய்யற எடத்துல சூட்டுல விழுந்தாங்க, டெம்பரேச்சர் பாத்து சீட்டுல எழுதுங்க"ன்னு டாக்டர்கிட்ட சொல்லணும். இஎஸ்ஐ ஆஸ்பத்திரியா இருந்தா இன்னும் நல்லது.

சரி, உங்க மேனேஜருக்கு வருவோம். அவர் சொல்றதுல பாதி நெசம், உலகம் சூடாகறதுக்கு உங்க ஓனர் காரணம் இல்ல. ஆனா அந்த அக்கா உலகத்துல நின்னு விழலையே, ஷீட்டுக்கு அடியில எட்டு ஸ்டீம் டேபிளுக்கு நடுவுல நின்னு விழுந்தாங்க. வானிலை ஆபீஸ்காரங்க இன்னைக்கு 38 டிகிரின்னு சொன்னா அது நெழல்ல, காத்தோட்டமான ஒரு மரப்பெட்டிக்குள்ள வெச்சு எடுத்த 38. உங்க செக்ஷன்ல எவ்வளவுன்னு யாரும் எடுக்கல. ஷீட்டு மத்தியானம் பூரா சூட்டை வாங்கி உங்க தலைக்கு எறக்குது, ஸ்டீமு காத்துல ஈரத்தை ஏத்துது, காத்து ஈரமாயிட்டா வேர்வை ஊத்தும் ஆனா காயாது, காயாத வேர்வை ஒடம்பை குளுத்தாது, அதான் அயர்னிங்காரங்க மொதல்ல விழறாங்க. ஆக வெளிய இருக்கற சூடு வேணா ஊருக்கு பொது, உள்ள ஏறுன சூடு கம்பெனி போட்டது. சட்டத்துக்கு அந்த ரெண்டாவது சூடு போதும்.

இதை நான் சும்மா வாய்வீச்சா சொல்லல. 1948லயே, க்ளைமேட் சேஞ்ச்ங்கற வார்த்தையெல்லாம் யாரும் கேள்விப்படாத காலத்துல, பேக்டரி சட்டம் 13ம் பிரிவுல செவுரும் கூரையும் உள்ள சூடு ஏறாத மாதிரி பொருள்ல, அந்த மாதிரி அமைப்புல இருக்கணும்னு எழுதி வெச்சாங்க. கூரைன்னே எழுதிருக்கு. அதோட நிக்கல, சூடு அதிகமா இருக்குன்னு தெரிஞ்சா வெளிய வெள்ளை அடி, தண்ணி தெளி, கூரையை ஒசத்து, ரெட்டை கூரை போடு, நடுவுல சூடு தடுக்கற பொருள் வைன்னு அரசாங்கம் விதி போடலாம்னும், 1987 திருத்தத்துக்கு அப்பறம் சூட்டை கொறைக்க இன்னது செய்யணும்னு பேக்டரி சீப் இன்ஸ்பெக்டரே எழுத்துல ஆர்டர் போடலாம்னும் அதே பிரிவுல இருந்துச்சு. 250 பேருக்கு மேல இருந்தா வெயில் காலத்துல ஜில்லுனு குடிதண்ணி குடுக்கணும்னு 18ம் பிரிவு. எனக்கு தெரிஞ்சு இந்த கூரை ஆர்டரை கேட்டு மனு போட்டவங்கள விரல் விட்டு எண்ணிரலாம், நானே ரொம்ப நாளு அந்த பிரிவை மெஷினுக்கு பாதுகாப்பு தடுப்பு போடற பிரிவுகளுக்கு முன்னாடி வர்ற ஏதோ ஒண்ணுன்னு தாண்டித்தான் போயிருக்கேன்.

2025 நவம்பர் 21ல இருந்து அந்த சட்டத்துக்கு பதிலா புது தொழில் பாதுகாப்பு சட்டத் தொகுப்பு வந்துருச்சு, பயப்பட வேண்டாம், அதோட 23ம் பிரிவுலயும் காத்தோட்டம், டெம்பரேச்சர், ஈரப்பதம், குடிதண்ணி எல்லாம் முதலாளி பொறுப்புதான். 14ம் பிரிவு உங்களுக்கு ரொம்ப முக்கியம்: ஒடம்புக்கு ஆபத்து வரப்போகுதுன்னு நியாயமா தோணுனா தொழிலாளி அதை முதலாளிகிட்டயும் அதே நேரத்துல இன்ஸ்பெக்டர்கிட்டயும் சொல்லலாம். அதாவது முதலாளி பதில் சொல்லட்டும்னு காத்துட்டு இருக்க வேண்டியதில்ல. ஒரே ஒரு கோளாறு, பழைய சட்டத்துல கரண்ட்ல ஓடற எடத்துல 10 பேர் இருந்தா பேக்டரி, இப்ப 20 பேர் ஆக்கிட்டாங்க. உங்களுது எட்டு அயர்னிங் டேபிள் ஓடற எடம்னா தாராளமா வரும். ஆனா பக்கத்து சந்துல பன்னெண்டு பேரை வெச்சு ஜாப் ஒர்க் பண்றாங்களே அவங்க நெலமை கொஞ்சம் சிக்கல், அது தனியா எழுத வேண்டிய விஷயம்.

தண்ணின்னு சொன்னதும் இன்னொண்ணு, நீங்க எழுதல, ஆனா இருக்கும்னு எனக்கு தெரியும். பாத்ரூம். டோக்கன் வாங்கிட்டு போகணும், சூப்பர்வைசர் மணி பாப்பார்ங்கற எடத்துல பொம்பளைங்க தண்ணியே குடிக்க மாட்டாங்க. கேன் நெறைய தண்ணி இருக்கும், எவரும் தொட மாட்டாங்க. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்துல இருந்து உப்பளத்துலயும் செங்கல் சூளைலயும் வயல்லயும் வேலை செய்யறவங்கள வெச்சு வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணிருக்காங்க. தமிழ்நாட்டுல 800 கர்ப்பிணிப் பொண்ணுங்கள பாத்ததுல, சூட்டுல வேலை செஞ்சவங்களுக்கு கரு கலையறது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. உப்பளத்து ஆளுங்களுக்கு கிட்னி கெடறதையும் அவங்க எழுதிருக்காங்க. உங்க லைன்ல கர்ப்பமா இருக்கற புள்ளைங்க இருந்தா இன்ஸ்பெக்டருக்கு குடுக்கற மனுவுல அதையும் ஒரு வரி போடுங்க, பேர் போடாம. டோக்கன் விஷயத்தை கண்டிப்பா போடுங்க, அது ஒழுங்கு விஷயம் மாதிரி தெரியும், ஆனா சூட்டு விஷயம்.

இப்ப தம்பி சொன்னது. சரியாத்தான் சொல்லிருக்கான். 2024 மார்ச் 21ல சுப்ரீம் கோர்ட்டு, பருவநிலை மாற்றத்தோட கெடுதல்ல இருந்து விடுபட்டு வாழறது அரசியல் சட்டத்தோட 21வது பிரிவுல இருக்கற உயிர் வாழற உரிமையிலயும் 14வது பிரிவுல இருக்கற சமத்துவத்துலயும் அடங்கும்னு சொல்லுச்சு. வேடிக்கை என்னன்னா அது ஒரு பறவை கேஸ். ராஜஸ்தான், குஜராத்ல கானமயில்னு அழியப் போற பறவை, சோலார் கரண்ட் போற வயர்ல அடிபட்டு சாகுதுன்னு போட்டது, அதுல தான் மனுசனுக்கு இந்த உரிமை வந்துச்சு. ஆனா அந்த தீர்ப்பை எடுத்துட்டு போய் உங்க ஓனர் மேஜை மேல வெச்சா அவர் டீ குடிச்சுட்டு அதை டம்ளருக்கு அடியில வெச்சுக்குவார். அது பெருசா கட்டுப்படுத்தறது அரசாங்கத்தை. இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல மனு குடுத்து அவங்க அசையலேன்னா அவங்கள வேலை செய்ய வைங்கன்னு ஹைகோர்ட்ல ரிட் மனு போடறப்போ அந்த தீர்ப்பு நமக்கு தோள் குடுக்கும்.

வெளிநாட்டுலயும் இதே கதைதான் நடந்துட்டு இருக்கு. சுவிட்சர்லாந்துல வயசான பொம்பளைங்க ரெண்டாயிரம் பேருக்கு மேல சேர்ந்து, வெயில் அலையில மொதல்ல சாகறது நாங்கதான், கவர்மெண்ட் போதுமான அளவு எதுவும் பண்ணலைன்னு ஐரோப்பிய மனித உரிமை கோர்ட்டுக்கு போனாங்க, 2024 ஏப்ரல் 9ல ஜெயிச்சாங்க. 2025 ஜூலை 23ல, ஹேக்ல இருக்கற சர்வதேச நீதிமன்றம் ஒரு கருத்து குடுத்துச்சு. பசிபிக் தீவு காலேஜ் பசங்க கெளப்பி விட்டு வனுவாட்டு நாடு ஐநா வரைக்கும் கொண்டு போனது. நாடுங்க தங்களோட தனியார் கம்பெனிங்களயும் கட்டுப்படுத்தி ஆகணும், அதைச் செய்யாம விட்டா அது சட்ட மீறல் ஆகலாம்னு அதுல இருக்கு. அது ஆலோசனைக் கருத்துதான், யாரையும் புடிச்சு உள்ள வைக்காது, ஆனா "கம்பெனிட்ட பேசு"ன்னு உங்கள திருப்பி அனுப்புன ஆபீசருக்கு அதுல பதில் இருக்கு.

உலகத்தை சூடாக்குன பெரிய கம்பெனி மேலயே நேரா கேஸ் போட்டா என்னன்னு தம்பி அடுத்து கேப்பான். பெரு நாட்டுல ஒரு விவசாயி போட்டார். பனிமலை உருகி ஏரி ஒடைஞ்சா என் வீடு போயிரும்னு ஜெர்மனில ஆர்டபிள்யூஇன்னு ஒரு கரண்ட் கம்பெனி மேல 2015ல போட்டது 2025 மே மாசம் முடிஞ்சுது, அவர் வீட்டுக்கு அவ்வளவு ஆபத்து நிரூபணம் ஆகலைன்னு தள்ளிட்டாங்க. ஆனா பெரிய அளவுல புகை விட்ட கம்பெனிய கொள்கை அளவுல பொறுப்பாக்க முடியும்னு கோர்ட் ஏத்துக்கிச்சு, அது சின்ன விஷயமில்ல. இருந்தாலும் பத்து வருஷம். அடுத்த ஏப்ரலுக்குள்ள ஃபேன் வேணும்ங்கறவங்களுக்கு அது வழி இல்ல.

நம்ம தமிழ்நாடு அரசும் சும்மா இல்ல, 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சு, செத்தவங்க குடும்பத்துக்கு 4 லட்சம்னு சொன்னாங்க. நல்ல விஷயம்தான். ஆனா எனக்கு அதுல ஒரு வருத்தம் உண்டு, விழுந்து எந்திரிச்சவங்களுக்கு அந்த 4 லட்சம் இல்ல, அதுவும் போக சமவெளில வெப்ப அலைன்னு சொல்லணும்னா 40 டிகிரியாவது தொடணும், வழக்கத்தை விட நாலரை டிகிரி கூட இருக்கணும், இல்லைன்னா 45ஐ தொடணும்னு வானிலை துறை கணக்கு. உங்க ஊர்ல 37, 38லயே ஸ்டீம் டேபிள் பக்கத்துல ஆளு விழறாங்க. மனித உரிமை கமிஷனுக்கு போலாமான்னு கேப்பீங்க, ஒரு வருஷத்துக்குள்ள போகணும், அதுவும் அரசு ஊழியர் மேலதான் அங்க கம்ப்ளைண்ட் எடுபடும், தனியார் ஓனர் மேல நேரா எடுபடாது. மனு வாங்கிட்டு கண்டுக்காத ஆபீஸ் மேல வேணா போடலாம். அதுக்கும் மனு குடுத்த ரசீது வேணும், பாருங்க திருப்பி பேப்பருக்கே வர்றோம்.

அடுத்தது பிராண்டு. கம்பெனிங்க மனித உரிமையை மதிக்கணும், தன்னோட சப்ளை செயின்ல என்ன நடக்குதுன்னு பாத்துக்கணும்னு 2011ல ஐநா மனித உரிமை கவுன்சில் ஒரு வழிகாட்டி நெறிமுறைய ஏத்துக்கிச்சு. செவுத்துல ஒட்டிருக்கற போஸ்டர் பெரும்பாலும் அங்க இருந்து எறங்குனதுதான். வெறும் நெறிமுறைன்னா போஸ்டரோட நிக்கும், ஆனா ஜெர்மனி அதை பெரிய கம்பெனிங்களுக்கு சட்டமாக்கிருச்சு, 2023 ஜனவரில இருந்து. இப்ப அதை தளர்த்தற வேலை நடந்துட்டு இருக்கு, ஆனாலும் சட்டம் இருக்கு. அதுல நமக்கு வேண்டிய ரெண்டு விஷயம். ஒண்ணு, வேலை நடக்கற நாட்டோட தொழில் பாதுகாப்பு சட்டத்தை மீறுனா அது அவங்க கவனிக்க வேண்டிய மனித உரிமை ஆபத்து. அதாவது நம்ம ஊரு கூரை சட்டம் பெர்லின்ல செல்லும். ரெண்டாவது, உங்க கம்பெனி நேரா சப்ளை பண்ணலைன்னாலும், நடுவுல பையிங் ஹவுஸ், எக்ஸ்போர்ட்டர்னு நாலு பேர் இருந்தாலும், இங்க தப்பு நடக்குதுன்னு ஆதாரத்தோட தகவல் போயிருச்சுன்னா அவங்க நடவடிக்கை எடுத்தாகணும். தகவல் போகாத வரைக்கும் "எங்களுக்கு தெரியாது"ம்பாங்க. தெரியாதுன்னு சொல்ல முடியாம பண்றதுதான் உங்க லெட்டரோட வேலை, அதுக்கு மேல அந்த லெட்டர்ல அழுகையெல்லாம் வேண்டாம். பிராண்டோட சைட்ல புகார் பண்ற எடம் இருக்கும், தமிழ்லயே எழுதுங்க, பேரை வெளிய விடக்கூடாதுன்னு மொத வரில போடுங்க. கூடவே ஒண்ணு கேளுங்க: கூரைக்கு வெள்ளை அடிக்கற காசை ஒரு டிசர்ட்டுக்கு நீங்க குடுக்கற ரேட்ல சேத்து குடுப்பீங்களான்னு. ஒவ்வொரு சீசனும் ரேட்டை அஞ்சு பைசா பத்து பைசான்னு அடிச்சு கொறைக்கறது அவங்க, அப்பறம் ஓனர் கூரை போடலைன்னு, கம்பெனிய வந்து பாக்கற ஆடிட்ல மார்க் கொறைக்கறதும் அவங்க. உங்க ஓனருக்கு நான் வக்காலத்து வாங்கல, ஆனா இந்த கேள்விய நீங்க கேட்டா அவரே உங்கள கொஞ்சம் மரியாதையா பாப்பார்.

வேலை போகக்கூடாதுன்னு எழுதிருக்கீங்க. நம்ம ஊர்ல இதுக்கு ஒரு பழைய காயம் இருக்கு. சாயக் கழிவுல நொய்யல் ஆறு கெட்டுப் போச்சுன்னு விவசாயிங்க வருஷக்கணக்கா போராடி, 2011 ஜனவரில ஹைகோர்ட் எழுநூறுக்கு மேல சாயப்பட்டறைய மூடச் சொல்லுச்சு. அது வரைக்கும் கழிவே வெளிய விடாம ஓட்டறதெல்லாம் நடக்கற காரியமான்னு சொன்ன அதே ஆளுங்க அப்பறம் ஓட்டிக் காட்டுனாங்க. ஆனா மூடுன அன்னைக்கு ராத்திரியோட ராத்திரியா பொட்டி கட்டி ஊருக்கு பஸ் ஏறுனவங்க யாரு, பட்டறைல கூலிக்கு நின்னவங்கதான். அதனால நான் யாருக்கும் "கம்பெனி மேல நடவடிக்கை எடுங்க"ன்னு மனு எழுதித் தர்றதில்ல. இன்னது செய்யச் சொல்லுங்கன்னு எழுதுவேன். கூரைக்கு வெள்ளை அடிக்கணும், அயர்னிங்க்கும் செக்கிங்க்கும் நடுவுல தடுப்பு வெச்சு ஸ்டீமை வெளிய இழுக்கற எக்ஸாஸ்ட் ஃபேன் போடணும், ஏப்ரல் மே ரெண்டு மாசம் மத்தியானம் பன்னெண்டுல இருந்து நாலு வரைக்கும் மணிக்கு பத்து நிமிஷம் ஒக்காரணும், பாத்ரூம் டோக்கன் எடுக்கணும். இதுல எதுக்கும் கம்பெனிய மூட வேண்டியதில்ல.

தனியா போகாதீங்க. ஒருத்தர் கையெழுத்து போட்டா பேரு, இருவது பேர் போட்டா செக்ஷன். யூனியன் இருந்தா யூனியன் வழியா போங்க. 2022ல திண்டுக்கல்ல, பொம்பளைங்களுக்கு நடந்த கொடுமைக்கு அப்பறம், தொழிலாளிங்க யூனியன், கம்பெனி, வெளிநாட்டு பிராண்டு எல்லாரும் ஒக்காந்து ஒரு ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டாங்க, திண்டுக்கல் ஒப்பந்தம்னு கேட்டா யூனியன்காரங்களுக்கு தெரியும். அது வெயிலுக்கு போட்டதில்ல, ஆனா பிராண்டை கையெழுத்து போட வைக்க முடியும்ங்கறதுக்கு சாட்சி. யூனியன் இல்லைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துக்கு போங்க, பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காம இலவச வக்கீல் உண்டு, 15100க்கு போன் பண்ணுனா சொல்லுவாங்க.

கடைல சில நூறு ரூபாய்க்கு டெம்பரேச்சரும் ஈரப்பதமும் காட்டற சின்ன மீட்டர் கெடைக்கும். நாலு பேர் காசு போட்டு வாங்கி டிபன் பைல வெச்சுக்குங்க. பதினொரு மணி, ரெண்டு மணி, நாலு மணி, மூணு நேரம் பாத்து ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க, ஸ்டீம் டேபிள் பக்கத்துல ஒண்ணு, வாசப்படில ஒண்ணு. வேற வேற ஆளு எழுதுனா இன்னும் நல்லது. ஆடிட் வர்ற நாளு மறக்காம எழுதுங்க, அன்னைக்கு எங்கிருந்தோ ரெண்டு பெடஸ்டல் ஃபேன் வரும், தண்ணி கேன் புதுசா இருக்கும், பாதி டேபிள் ஆஃப்ல இருக்கும், அந்த நாளு கணக்கும் மறுநாள் கணக்கும் பக்கத்து பக்கத்துல இருந்தா அதை விட பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி இந்த வாரமே ஒரு வேலை. அந்த அக்காவோட அரை ஷிப்ட். எட்டரைக்கு வந்து மூணு மணிக்கு விழுந்துருக்காங்க. சாப்பாட்டு நேரம் ஒரு மணி நேரம் போனா அஞ்சரை மணி நேரம் வேலை செஞ்சுருக்காங்க, இல்லாதது ரெண்டரை மணி நேரம், புடிச்சது நாலு மணி நேரத்து காசு. இல்லாத நேரத்துக்கு மேல சம்பளம் புடிக்கக்கூடாதுன்னு பழைய சம்பளச் சட்டத்துலயும் இருந்துச்சு, புதுசுலயும் இருக்கு. அந்த ஒன்றரை மணி நேரத்து காசை மட்டும் கேட்டு அந்த அக்கா பேர்ல ஒரு லெட்டர் எழுதச் சொல்லுங்க, அமைதியா, மரியாதையா: "இன்ன தேதி மதியம் 3 மணிக்கு அயர்னிங் செக்ஷன்ல வேலை செஞ்சுட்டு இருக்கும்போது சூடு தாங்காம மயங்கி விழுந்தேன், அதுவரைக்கும் வேலை செஞ்ச நேரத்துக்கு சம்பளம் கொடுங்க"ன்னு. நூறு ரூபா பக்கம்தான் தேறும், அதனால எவரும் பெருசா யோசிக்க மாட்டாங்க, காசை குடுத்துட்டு வவுச்சர்ல கையெழுத்து வாங்குவாங்க இல்ல பதில் எழுதுவாங்க. எதுவா இருந்தாலும் அதுல தேதியும் நேரமும் இருக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து வெச்சுட்டு எனக்கு எழுதுங்க, மனுவை நான் போட்டுத் தர்றேன்.